துக்க வீட்டுக்கு வந்து நின்றவர்களுக்குக் கையால் கடிதம் எழுதலாமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இது: மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா காலமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்து, பெங்களூருக்குத் திரும்பிவிட்டீர்கள். அந்தப் பதினாறு நாளும் தெருவே உங்கள் வீட்டில் இருந்தது. எல்லோருக்கும் சேர்த்து வாட்ஸப்பில் ஒரு நன்றி போட்டீர்கள், கைகூப்பும் படங்கள் பத்துப் பதினைந்து வந்தன. இருந்தும் மனசு அடங்கவில்லை. கையால் எழுதி அனுப்பினால் இந்தக் காலத்தில் அதற்கு மதிப்பு உண்டா, இல்லை பந்தா பண்ணுகிறான் என்று நினைப்பார்களா? இப்படித்தான் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உள்ளே இருப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. சொந்தம் போலப் பழகிய மனிதர்களுக்கு நன்றி என்று எழுதினால் அந்தச் சொந்தம் தள்ளிப் போய்விடுமோ என்ற பயம் அது. அந்தப் பயம் நியாயமானது. முதலில் அதற்கே பதில் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடுதாசி எழுதிக் கொடுப்பது என் உத்தியோகத்தில் சேர்ந்ததில்லை. ஆனாலும் எழுதத் தெரியாதவர்கள் கார்டை வாங்கி என்னிடமே நீட்டினால் மறுக்க முடியாது. சிங்கப்பூர் மகனுக்கு, திருப்பூர் தம்பிக்கு, திருச்சி ஆஸ்பத்திரி டாக்டருக்கு என்று எழுதியிருக்கிறேன். வந்த கடிதங்களைத் திண்ணையில் உட்கார்ந்து படித்தும் காட்டியிருக்கிறேன். கடிதம் எழுதுபவர் முகமும் வாங்குபவர் முகமும் இரண்டும் பார்த்த அனுபவம் அது. ஒரு தாலுகாவின் சில ஊர்களில் பார்த்தது என்பதையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கத்தில் துக்க வீட்டு வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். வருகிறவர்களை "வாங்க" என்று கூப்பிடுவதில்லை. போகிறவர்கள் "போயிட்டு வர்றேன்" என்று சொல்லிக்கொள்வதில்லை, சத்தமில்லாமல் எழுந்து போய்விடுவார்கள். சாவு வீட்டில் அடுப்பு எரியாது, பக்கத்து வீட்டிலிருந்தோ சம்பந்தி வீட்டிலிருந்தோ சோறு வரும். யார் கொண்டுவந்தது என்று சாப்பிடுகிறவருக்குப் பாதி நேரம் தெரியாது. பந்தல் போட்டவர், பாடை கட்டியவர், ராத்திரி முழுக்க உடம்போடு உட்கார்ந்திருந்தவர், இவர்கள் யாருக்கும் அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்ல வழக்கம் இடம் கொடுப்பதில்லை. கல்யாணம் என்றால் தாம்பூலப் பையிலேயே "வருகைக்கு நன்றி" என்று அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். துக்கத்துக்கு அது கிடையாது. வாய்விட்டுச் சொல்ல முடியாத இடத்தில்தான் எழுத்து உண்மையில் வேலை செய்கிறது. உங்கள் மனசு அடங்காததற்குக் காரணமும் அதுதான். வாட்ஸப்பில் போட்டது பொதுவான ஒரு நன்றி, ஆளுக்கு ஆள் சொல்ல வேண்டியது அப்படியே பாக்கி நிற்கிறது.

இப்போது அந்தப் பயத்துக்கு வருகிறேன். நான் செய்த ஒரு தப்பைச் சொன்னால் விளங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு அம்மா வந்து, மகளுக்குக் காது குத்த அண்ணன் பணம் அனுப்பியிருக்கிறார், அவருக்கு ஒரு கார்டு எழுதிக் கொடுங்கள் என்றார். நானும் நல்ல தமிழில் எழுதவேண்டும் என்ற ஆசையில், "தாங்கள் தக்க சமயத்தில் செய்த பேருதவிக்கு எங்கள் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறோம்" என்று எழுதி முத்திரை குத்தி அனுப்பிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து ஊருக்கு வந்த அந்த அண்ணன் நேராக அஞ்சலகத்துக்கே வந்தார். சண்டைக்கு இல்லை. கார்டை மேசையில் வைத்து, "என் தங்கச்சி இப்படிப் பேச மாட்டாளே சார், நான் என்ன அவளுக்கு அசலாளா?" என்று கேட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அன்றைக்கு எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்கப்புறம் சொந்தக்காரர்களுக்கு எழுதும் எந்தக் கடிதத்திலும் "நன்றி" என்ற சொல்லை, சொல்லச் சொன்னாலொழிய, நான் எழுதியதில்லை.

அந்தச் சொல்லின் கதையையும் கொஞ்சம் பாருங்கள். திருக்குறளில் செய்ந்நன்றி அறிதல் என்று ஒரு அதிகாரமே இருக்கிறது, 101 முதல் 110 வரை பத்துக் குறள். அங்கே நன்றி என்றால் இப்போது நாம் சொல்லும் வந்தனம் இல்லை, ஒருவர் செய்த நன்மை. நன்றி மறப்பது என்றால் அந்த நன்மையை மறப்பது. அறிதல் என்றால் அதை அறிந்து நினைவில் வைத்திருப்பது. அந்தச் சொல் பிற்பாடுதான் "தேங்க்ஸ்" சொல்லும் இடத்துக்கு வந்து உட்கார்ந்தது. அந்தப் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டால் உங்கள் சிக்கல் பாதி தீர்ந்துவிடும். அத்தைக்கு "நன்றி" என்று எழுத வேண்டியதில்லை. அவர் என்ன செய்தார் என்பதை எழுதினால் போதும்.

இதை எனக்கு விளங்க வைத்தது ஒரு பழைய கார்டு. முதியோர் பணம் கொடுக்கப் போகும் வீடு ஒன்றில், உத்தரத்திலிருந்து ஒரு கம்பி தொங்கும். இளைய தலைமுறைக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அடியில் ஒரு மரவட்டம், மேல்முனை கொக்கி போல வளைந்த கம்பி. வருகிற கடிதங்களை ஒவ்வொன்றாக அதில் குத்திச் செருகிவிடுவார்கள். ரசீது, தீர்வைச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான். அந்தப் பெரியவர் ஒருநாள் ஏதோ ரசீது தேட, கம்பியை இறக்கி மொத்தத்தையும் உருவினார். ஆக அடியில் ஒரு போஸ்ட் கார்டு இருந்தது. புகை ஏறிப் பழுப்பாகி, நடுவில் கம்பி போன ஓட்டையைச் சுற்றித் துருக்கறை. படித்துப் பாருங்கள் என்று கொடுத்தார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எழுதியது. ஒரு ஐப்பசி மழையில் அவர் நட்ட பயிர் தண்ணீரில் அழுகிப்போக, மறுபடி நட நாற்று இல்லாமல் நின்றிருக்கிறார். இந்தப் பெரியவர் தாளடிக்கு, அதாவது இரண்டாம் போக நெல்லுக்கு, போட்டு மிஞ்சிய நாற்றை எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார், காசு வாங்கவில்லை. கார்டில் தை மாதத் தேதி. "நீங்கள் கொடுத்த நாற்றில் இரண்டு மா நட்டேன். தூர் நன்றாகக் கட்டியது. நேற்று அறுத்தோம். கருக்காய் அதிகம் இல்லை. பிள்ளைகள் புது அரிசிச் சோறு சாப்பிட்டார்கள்." அவ்வளவுதான். (மா என்பது நில அளவு, கருக்காய் என்பது பதர்.) நன்றி என்ற சொல்லே கிடையாது. கையெழுத்து கோணல்மாணல், எழுத்துப் பிழை வேறு. எழுதியவர் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. பெரியவர் கார்டை மறுபடி அடியில் போட்டு, மற்றதையெல்லாம் அதன் மேல் பழைய வரிசையிலேயே செருகினார். ரசீது கிடைத்ததா என்று எனக்கு இப்போது ஞாபகமில்லை.

அந்தக் கார்டில் இருந்தது இரண்டே விஷயம்: நீ செய்தது இது, அது இப்படி விளைந்தது. உதவி செய்தவருக்குப் பெரும்பாலும் இரண்டாவது தெரியவே வராது. உங்கள் பக்கத்து வீட்டு அத்தை நாலு நாள் சோறு கொண்டுவந்தார் என்றால், அந்தச் சோற்றை யார் சாப்பிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியாது. "அம்மா இரண்டு நாள் எதையும் தொடவில்லை, நீங்கள் கொண்டுவந்த ரசம் சோற்றைத்தான் முதலில் சாப்பிட்டாள்" என்று நீங்கள் எழுதினால், அது அத்தைக்குக் கிடைக்கும் புதுச் செய்தி. உங்களைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்ல முடியாது.

இதெல்லாம் ஒரு தபால்காரனின் அனுபவம்தானே, ஆய்வு ஏதாவது இருக்கிறதா என்று கேட்பீர்கள். என் மகள் உளவியல் படித்தவள், ஓய்வுக்குப் பிறகு அவள் தந்ததைக் கொஞ்சம் படித்தேன். 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் அமெரிக்காவில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தங்களுக்கு உதவியவர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதச் சொல்லி, வாங்குபவர் என்ன நினைப்பார் என்று எழுதியவரிடமே முன்கூட்டிக் கேட்டார்கள், பிறகு வாங்கியவரிடமும் கேட்டார்கள். எழுதியவர்கள் வாங்குபவரின் சந்தோஷத்தைக் குறைத்தும், சங்கடத்தைக் கூட்டியும் கணித்திருந்தார்கள். சொற்கள் சரியாக அமையவில்லையே என்று எழுதுகிறவர் கவலைப்படுகிறார், வாங்குபவரோ அதில் இருக்கும் அன்பைத்தான் பார்க்கிறார். பந்தா என்று நினைப்பார்களோ என்ற உங்கள் கவலைக்கு இது நேரான பதில். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கடிதங்கள் போனது மின்னஞ்சலில். ஆகவே, மனசிலிருப்பதை விவரமாக எழுதி அனுப்பினால் பலன் உண்டு என்பதற்குத்தான் அது சாட்சி, பேனாவுக்குச் சாட்சி இல்லை.

2005-ல் மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளரின் குழுவினர் செய்ததும் இதற்குப் பக்கத்தில் வரும். சரியாக நன்றி சொல்லாமல் விட்டுப்போன ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார்கள். எழுதியவர்களின் மகிழ்ச்சி நன்றாக ஏறியது, ஒரு மாதம் வரை நின்றது, மூன்றாம் மாதத்துக்குள் கரைந்துவிட்டது. அப்பாவை இழந்த உங்கள் துக்கத்தை இந்தக் கடிதங்கள் ஆற்றிவிடும் என்று எதிர்பார்க்கவேண்டாம் என்று நான் சொல்வதற்கு இது ஒரு காரணம். கையெழுத்தைப் பொறுத்தவரை, 2024-ல் நார்வேயில் 36 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று அடிக்கடி பேசப்படுகிறது. கையால் எழுதும்போது மூளையின் பல பகுதிகள் சேர்ந்து இயங்குகின்றன, தட்டச்சில் அந்த அளவு இல்லை என்றது அது. அதில் தட்டச்சு செய்யும்போது ஒரே விரலால்தான் தட்டினார்கள். கற்றலைப் பற்றிய ஆய்வு, நன்றியைப் பற்றியது அல்ல. அதைக் காட்டிக் கையெழுத்துக் கடிதத்துக்கு மகிமை சொல்வது சரியில்லை.

அப்படியானால் கையால் ஏன் எழுதச் சொல்கிறேன்? நான் கண்ணால் பார்த்த ஒரு காரணம்தான்: தாள் வீட்டில் தங்குகிறது. போனில் வந்தது காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும், போன் மாற்றினால் அதுவும் போச்சு. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது எங்கள் ஊரில் நின்ற மின்கம்பங்களை எண்ணிவிடலாம். வெளி மாவட்டங்களிலிருந்து மின்வாரிய ஊழியர்கள் வந்து, பள்ளிக்கூடத்தில் படுத்துக்கொண்டு, சேற்றில் கம்பம் நட்டார்கள். அவர்கள் போன பிறகு எங்கள் தெருவில் பத்தாவது படித்த ஒரு பெண் அவர்கள் அலுவலகத்துக்கு ஒரு கார்டு எழுதினாள். "எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது 14-வது நாள், சாயந்திரம் ஆறே கால் மணி. அன்று ராத்திரி நான் கணக்குப் போட்டேன்." சில வாரம் கழித்து அந்த அலுவலகத்திலிருந்து ஒருவர் எங்கள் அஞ்சலகத்துக்குப் போன் செய்து, கார்டு மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள் என்றார். கண்ணாடிக்கு அடியில் வாட்ஸப் செய்தியை வைக்க முடியாது.

மொய்யோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் நோட்டு எவ்வளவு கண்டிப்பானது என்று உங்களுக்கே தெரியும். எழுதிய தொகை ஒருநாள் திரும்பிப் போயாக வேண்டும். அது நல்ல ஏற்பாடு, அதனால் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் பாடை தூக்கிய தோளுக்கு நோட்டில் தொகை எழுத முடியாது. ஆகவே கடிதத்தோடு பணமோ, சேலையோ, பரிசுக் கூப்பனோ வைக்காதீர்கள். வைத்தால் அது கூலி ஆகிவிடும். பின்னால் ஏதாவது காரியம் ஆகும் என்று எண்ணியும் எழுத வேண்டாம். நீங்கள் அப்படி எண்ணுகிறவர் இல்லை, ஆனால் நன்றிக் கடிதம் எழுதினால் லாபம் என்று வியாபாரப் பேச்சாளர்கள் பரப்புகிறார்கள். அமெரிக்காவில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நன்கொடையாளர்களை வைத்துப் பல வருடம் நடந்த சோதனையில், நன்றி சொல்லிப் போன் செய்ததால் அடுத்த நன்கொடை கூடவே இல்லை.

எழுதும் விதத்துக்கு வருகிறேன். துக்கத்தை ஒட்டிய கடிதம் என்பதால் ஊர் மனசைப் பார்த்து எழுதவேண்டும். கருமாதிப் பத்திரிகையைப் படித்தவுடன் கிழித்துப் போடும் வீடுகள் இன்னும் உண்டு. வீட்டுக்குள் வைக்க மாட்டார்கள். உங்கள் கடிதம் அந்த வகையில் சேர்ந்துவிடக் கூடாது. கறுப்புக் கோடு வேண்டாம், அப்பா படம் வேண்டாம், இறந்த தேதியை எழுத வேண்டாம். பிள்ளையார் சுழி போட்டு, ஊரும் தேதியும் எழுதி, "நலம், நலமறிய ஆவல்" என்று வழக்கம்போலத் தொடங்குங்கள். சிலர் நல்ல சேதிக்குத்தானே நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோம், இதற்குத் தடவலாமா என்று கேட்பார்கள். தடவ வேண்டாம். கல்யாணம் நிச்சயமான வீடு, பிள்ளை பெற்ற வீடு என்றால் அந்த விசேஷம் முடியட்டும், பிறகு அனுப்புங்கள். நாள் தாழ்ந்துவிட்டதே என்ற கவலை வேண்டாம். மூன்று மாதம் கழித்துப் போகும் கடிதத்தில், இன்னும் மறக்கவில்லை என்ற செய்தியும் கூடவே போகிறது.

எல்லோருக்கும் ஒரே வாசகம் எழுதி நகலெடுக்காதீர்கள். அத்தையும் சித்தப்பாவும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து இரண்டையும் படிப்பார்கள். இருபது பேருக்கு எழுத முடியாவிட்டால் ஐந்து பேருக்கு எழுதுங்கள், மற்றவர்களை அடுத்த முறை போகும்போது வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஐந்தாறு வரி போதும். முறை சொல்லித்தான் கூப்பிட வேண்டும்: "அன்புள்ள அத்தைக்கு", "அன்புள்ள பெரியப்பாவுக்கு". பெயருக்குப் பின்னால் "அவர்கள்" போட்டு எழுதுவது அப்பாவைப் பார்த்துக்கொண்ட நர்ஸுக்கும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோ ஓட்டுநருக்கும் பொருந்தும். அவர்களுக்கு "நன்றி" என்ற சொல்லும் நன்றாகவே பொருந்தும், தாராளமாக எழுதுங்கள். நர்ஸுக்கு எழுதும்போது வார்டையும் தேதியையும் குறிப்பிடுங்கள், நூற்றுக்கணக்கான முகங்களில் உங்கள் அப்பா யார் என்று அவருக்கு நினைவு வரவேண்டும். முடிந்தால் மேலதிகாரிக்கும் ஒரு வரி தனியாக எழுதுங்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு எழுதலாமா என்பதில் எனக்கு இரண்டு மனசு உண்டு. பாடை கட்டியவர், பறை அடித்தவர், குழி வெட்டியவர், இவர்களில் வயதானவர்கள் பலர் படிக்காதவர்கள். ஊரில் இவர்களுக்குக் கூலி கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் இருக்கிறது, அது தவறு என்பது என் உறுதியான எண்ணம். இவர்களில் ஒருவர் பெயருக்கு ஒரு கவர் வந்து, பள்ளிக்கூடம் போகும் பேத்தி அதை உரக்கப் படித்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டு ஆட்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து நின்று கேட்டார்கள். அதேசமயம், தனக்குப் படிக்கத் தெரியாது என்பதை நினைத்துக் கூசிப்போய்க் கவரைப் பிரிக்காமலே வைத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் எழுதுங்கள், இல்லையென்றால் நேரில் போங்கள். அரபு நாட்டில் இருந்துகொண்டு தினமும் போனில் விசாரித்த தம்பி மாதிரி ஆட்களுக்குக் கடிதத்தைவிடக் குரல் பதிவே மேல் என்பேன், அவருக்கு உங்கள் குரல்தான் வேண்டியிருக்கும்.

இனி தபால் விஷயம். கார்டு 50 பைசா, இன்லேண்ட் லெட்டர் இரண்டரை ரூபாய், கவர் ஐந்து ரூபாய் என்றுதான் நான் விற்றேன். வாங்கும்போது ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கார்டைத் தெருவே படிக்கும். பெருமைக்கு அது நல்லதுதான், ஆனால் அம்மா சாப்பிடாமல் கிடந்ததையெல்லாம் எழுதினால் மூடிய கவரே சரி. பதிவுத் தபாலில் அனுப்பாதீர்கள் என்று முன்பெல்லாம் சொல்வேன், கையெழுத்துக் கேட்டு வரும் கவர் என்றால் பேங்க் நோட்டீஸோ கோர்ட் நோட்டீஸோ என்று நம் சனங்கள் வெலவெலத்துப் போவார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், காரணம் அதற்கும் பொருந்தும். சாதாரணத் தபாலே போதும், நாலைந்து நாள் முன்னே பின்னே ஆகும். பின்கோடு ஆறு இலக்கமும் எழுதுங்கள், 1972-லிருந்து அதை வைத்துத்தான் பிரிக்கிறோம், ஊர்ப் பெயர் ஒன்றுபோல இருந்தாலும் அது காப்பாற்றும். ராத்திரி ஒரு மணிக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன ஆட்டோக்காரரின் வீட்டு விலாசம் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அவர் பெயர், வண்டி நிற்கும் ஸ்டாண்டு, பக்கத்தில் உள்ள கோயில் அல்லது கடை, ஊர், பின்கோடு எழுதி அனுப்புங்கள். அந்த பீட்டில், அதாவது அந்தப் பகுதிச் சுற்றில், போகிற தபால்காரர் ஸ்டாண்டில் சைக்கிளை நிறுத்திப் பெயர் சொல்லிக் கேட்பார், ஆள் சவாரிக்குப் போயிருந்தால் மறுநாளும் கேட்பார்.